சினைப்பை நீர்க்கட்டியும் உணவுத் தாவரங்களும்

உயர்நிலைப் பள்ளி ஆசிரியைகளும், கிராமங்களில் வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களும் அடிக்கடி காணும் நிலை ஒன்றுண்டு. பூப்பெய்திச் சில ஆண்டுகள் கழிந்த பெண்ணுக்கு மூன்று நான்கு மாதங்களாக மாதவிடாய் வருவதில்லை. முகத்தில் பரு மிகுகிறது. மேலுதட்டிலும் மோவாயிலும் மயிர் தடித்து வளர்கிறது. தாயார் அதனை வெளியே சொல்லத் தயங்குகிறார். வெந்தய நீர், புதினாத் தேநீர், இலவங்கப்பட்டைக் கஷாயம், கடையில் விற்கும் ஏதோவொரு பொடி என்று ஓராண்டு கழிந்துவிடுகிறது. இவற்றால் பயனுண்டா என்று வினவப்படும் பணியாளர், உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. நோயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

சிகாகோ நகர மருத்துவர்களான ஸ்டைன், லெவந்தால் என்னும் இருவர் 1935-இல் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நோயைத் தனியாக அடையாளங் காட்டியது. அப்பெண்களின் சினைப்பைகள் பருத்து, மேற்பரப்பின் கீழ்ச் சிறுசிறு பைகள் நிறைந்திருந்தன. அதனின்றே பல நீர்க்கட்டிச் சினைப்பை என்னும் பெயரும், மக்கள் வழங்கும் பி.சி.ஓ.டி. என்னும் சுருக்கப் பெயரும் தோன்றின. பெயர் சற்றே பிழையானது. அவை கட்டிகள் அல்ல. கருமுட்டை முதிர்ந்து வெளிப்படாமல் இடையிலேயே வளர்ச்சி நின்றுபோன நுண்பைகள். கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் அறுவை செய்ய வேண்டுமோ என்று அஞ்சும் குடும்பத்தாருக்கு இதனை முதலில் விளக்குதல் நலம். மகப்பேற்று வயதிலுள்ள பெண்களுள் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூவர் வரை இந்நிலை உடையவர்கள் என்று 2023-ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

சினைப்பையில் தோன்றும் குறையாயினும், பலரிடம் இதனை வளர்ப்பது இன்சுலினே. உண்ட உணவிலிருந்து குருதியில் சேரும் சர்க்கரையைத் தசைகள் ஏற்றுக்கொள்ளுமாறு செய்வது இன்சுலின். தசைகள் அதற்குச் சரிவரக் கட்டுப்படாதபோது கணையம் மேலும் மேலும் அதனைச் சுரக்கிறது. அங்ஙனம் மிகுந்த இன்சுலின் சினைப்பையிலுள்ள ஒருவகை உயிரணுக்களைத் தூண்டி, ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்மைச் சுரப்பு நீரை அளவுக்கு மிஞ்சி உண்டாக்குகிறது. கல்லீரலிலோ, அச்சுரப்பு நீரைப் பிணித்து அடக்கிவைக்கும் புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. ஒருபுறம் உற்பத்தி பெருகுகிறது. மறுபுறம் கட்டு தளர்கிறது. பருவும் மயிரும் மாதவிடாய்த் தடையும் இதன் விளைவுகள். இன்சுலின் மிகுந்திருப்பதைக் கண்ணாலேயே ஊகிக்க ஓர் அடையாளம் உண்டு: பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட்டுத் துணிபோல் காணும். அதனை அழுக்கெனக் கருதிக் கடலை மாவிட்டுத் தேய்க்கும் தாய்மார் பலர். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

ஆகவே ஒரு தாவரப் பொருளைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அது இன்சுலின் மிகுதியைத் தணிக்கிறதா என்பதே. இரண்டாவது கேள்வி, எவ்வளவு உட்கொண்டால் என்பது. இந்த இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

வெந்தயத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விதையிலுள்ள கொழகொழப்பான நார்ப்பொருள் குடலில் கூழாகி, சர்க்கரை குருதியில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து அறிஞர்கள் இதனை விரிவாக ஆராய்ந்தனர். (இந்நிறுவனம் 1918-இல் குன்னூரில் பெரிபெரி நோய் ஆய்வுப் பிரிவாகத் தொடங்கப் பெற்று, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.) 1990-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில் நாளொன்றுக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி உணவுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டது, குருதிச் சர்க்கரை குறைந்தது. ஆயின் அதில் பங்குகொண்டவர்கள் நீரிழிவுடையோர். சினைப்பைக் குறை உடையவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். மேலும், இரவில் ஊறவைத்துக் காலையில் விழுங்கும் ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஏறத்தாழ நான்கு கிராமே. வெந்தயம் பயனற்றது என்பது இதன் கருத்தன்று. ஒரு கரண்டியிடம் நூறு கிராமின் வேலையை எதிர்பார்த்தல் ஆகாது.

கொண்டைக்கடலை, சோயா முதலிய பயறுகளில் பினிடால் என்ற பொருள் உள்ளது. இது இனோசிடால் இனத்தைச் சேர்ந்தது. இன்சுலினின் கட்டளையை உயிரணுவுக்குள் கொண்டு செல்லும் ஏவலர்கள் இவ்வினத்துப் பொருள்களே என்று கருதப்படுகிறது. 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்நோயுடைய பருத்த உடலினரான 44 பெண்களுள் பாதிப்பேருக்கு இவ்வினத்துப் பொருளொன்று நாள்தோறும் 1200 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. மறுபாதியினர் வெறும் மாத்திரை உண்டனர். முன்னவருள் 22 பேரில் 19 பேருக்கும், பின்னவருள் 22 பேரில் 6 பேருக்கும் கருமுட்டை வெளிப்பட்டது. இச்செய்தி பெருத்த நம்பிக்கையை உண்டாக்கியது. பின்னர் வந்த சோதனைகள் அத்துணைத் தெளிவாக இல்லை. கருமுட்டை வெளிப்பாட்டிலும் மயிர் வளர்ச்சியிலும் இனோசிடாலின் பயன் குறைவே என்றும், தீங்கு அதிகமில்லையாதலால் விரும்புவோர் மருத்துவருடன் கலந்து உட்கொள்ளலாம் என்றும் 2023-ஆம் ஆண்டு நெறிகள் மதிப்பிட்டன.

தவிட்டிலும் பயற்றிலும் இனோசிடால் பெரும்பகுதி பைடிக் அமிலமாகவே அமைந்துள்ளது. அவ்வமிலம் இரும்புச் சத்தைப் பிணித்து, உடலிற் சேரவிடாது தடுக்கும். 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் குருதிச்சோகை உடையவர்கள். ஆதலின் பயற்றை ஊறவைத்து முளைகட்டிச் சமைக்குமாறும், எலுமிச்சையோ நெல்லியோ சேர்க்குமாறும் கூறுதல் வேண்டும். முளைக்கும்போது பைடிக் அமிலம் சிதைந்து குறைகிறது.

புதினாவைப் பற்றிய செய்தி வேறு வகையானது. துருக்கியில் 2007-இலும், இங்கிலாந்தில் 2010-இலும் நடந்த சிறு சோதனைகளில், நாளைக்கு இருமுறை புதினாத் தேநீர் அருந்திய பெண்களின் குருதியில் ஆண்மைச் சுரப்பு நீர் குறைந்தது. ஆயினும் இரண்டாவது சோதனையில், முப்பது நாள் கழித்து மருத்துவர் அளந்து பார்த்தபோது முகத்து மயிர் குறைந்திருக்கவில்லை. மயிர்க்காலின் வளர்ச்சிச் சுழற்சி பல மாதங்கள் நீள்வது. ஒரு மாதச் சோதனை அதற்குப் போதாது. குருதிக் கணக்கில் தோன்றும் மாற்றமும் நோயாளி உணரும் மாற்றமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

வகுப்பறையில் கணக்காகவே போடத்தக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. திராட்சைத் தோலிலும் வேர்க்கடலையிலும் ரெஸ்வெரட்ரால் என்னும் பொருள் இருக்கிறது. 2016-இல் வெளிவந்த ஆய்வில் நாள்தோறும் 1500 மில்லிகிராம் கொடுத்தபோது ஆண்மைச் சுரப்பு நீர் குறைந்தது. வேர்க்கடலையில் கிராமுக்குப் பத்து மைக்ரோகிராம் உண்டென்று தாராளமாகவே கொண்டாலும், அவ்வளவைப் பெற ஒருநாளில் 150 கிலோ கடலை உண்ண வேண்டும்!

மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் உண்மையிலேயே வலிய பொருள். சர்க்கரையைக் குறைக்கக் கூடியது. சீனத்தில் 644 பெண்களிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனையில், லெட்ரோசோல் என்ற மருந்தை உட்கொண்டோருள் நூற்றுக்கு 36 பேரும், பெர்பெரினை மட்டும் உட்கொண்டோருள் 22 பேரும் குழந்தை பெற்றனர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் 34 பேரே. கூடுதல் பயன் விளையவில்லை. கருவுற்றோர் பெர்பெரினைத் தவிர்த்தல் வேண்டும். அது பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கக் கூடும். தாவரத்திலிருந்து வந்ததென்பதால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. இந்நோய்க்கு மருத்துவர் தரும் மெட்பார்மினின் வரலாறும் காலேகா என்னும் ஐரோப்பியச் செடியிலிருந்தே தொடங்குகிறது. ஆனால் அச்செடி ஆடுகளைக் கொல்லும் நஞ்சு. அதன் பொருளை ஒத்த வேறொன்றை 1922-இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கி, 1957-இல் மனிதருக்குப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்ட பின்னரே அது மருந்தாயிற்று.

எந்தவொரு தனி உணவு முறையும் மற்றதைவிடச் சிறந்ததென்று இதுவரை நிறுவப்படவில்லை. தீட்டிய அரிசியின் அளவைக் குறைத்துப் பருப்பும் கீரையும் காயும் கூட்டுதல், கோதுமையைச் சலிக்காமல் பயன்படுத்துதல், இனிப்புப் பானங்களை விடுதல், நாள்தோறும் விரைந்து நடத்தல் என்பன எல்லா மாநிலத்தாருக்கும் இயலும். ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வரும். எனவே எடையைச் சுட்டி ஏளனம் செய்தல் பயனற்றது மட்டுமன்று, அப்பெண்ணை மருத்துவரிடமிருந்து விலக்கியும் வைக்கும்.

பூப்பெய்திய முதலாண்டில் மாதவிடாய் ஒழுங்கின்றி வருதல் இயல்பே. அதற்குப்பின் ஒருமுறையேனும் 90 நாள்களுக்கு மேல் தடைப்பட்டாலும், மூன்றாண்டு கழிந்தும் ஆண்டுக்கு எட்டு முறைக்குக் குறைந்தாலும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிடினும் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். தைராய்டுக் கோளாறு போன்ற பிற காரணங்களைச் சோதித்து விலக்கிய பின்னரே நோயின் பெயர் உறுதியாகும். மாதவிடாய் நெடுங்காலம் வாராதிருப்பின் கருப்பையின் உட்படலம் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கு இடமாகலாம்; வெந்தயமும் புதினாவும் அதனைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. மருத்துவமனைக்குச் செல்லும்போது, வீட்டில் உட்கொண்டுவரும் பொடியையோ அதன் உறையையோ உடன் எடுத்துச் செல்லுமாறு கூறுக. பெர்பெரின் சேர்ந்த பொடிகள் வேறு சில மருந்துகள் உடலிற் சிதைவதைத் தடுத்து அவற்றின் வேகத்தைக் கூட்டும். உறையைப் பாராமல் மருத்துவர் அதனை அறிய வழியில்லை.