அழகு மரமும் உப்புக் காற்றும்

இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கரையோரத்தில் கன்று நடுவோர் பலர். அது மரமாகி நிழல் தரக் காண்போர் சிலர். இரண்டாம் கோடையில் கன்று கருகிப் போனால் அதன் விலையோடு, ஊற்றிய நீரும் செய்த உழைப்பும் வீணாகின்றன. நெசவாளருக்கு நஷ்டம் இன்னும் அதிகம். பாவு ஓடும் தெருவில் நிழல் இல்லையெனில் கஞ்சி விரைந்து காய்ந்து இழை அறுகின்றது. வெயில் ஏறுமுன் வேலையை நிறுத்த நேரிடுகின்றது. ஆகவே எம்மரம் எந்தச் சீதோஷ்ண நிலையில் தழைக்கும் என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மேப்பிள் கற்பிக்கும் பாடம்

அழகுக்காக வளர்க்கப்படும் மென்மையான மரங்களுள் ஜப்பானிய மேப்பிள் உலகப் புகழ் பெற்றது. விரித்த கையைப் போன்ற அதன் இலை, உதிருமுன் செந்நிறம் கொள்ளும். காஷ்மீரத்துச் சினார் மரத்தின் இலையும் ஏறத்தாழ இவ்வடிவினதே. எனினும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

மேப்பிள் வேண்டுவன நான்கு: குளிர்காலத்தில் பல வார ஓய்வு, பிற்பகல் வெயிலுக்கும் வறண்ட காற்றுக்கும் மறைவு, ஈரமிருந்தும் நீர் தேங்காத மண், உப்பற்ற நீர். குளிர் ஓய்வு கிட்டாவிடில் மொட்டுகள் ஒழுங்காக விரிவதில்லை. வெப்பக் காற்றுப் பட்டால் இலை விளிம்பு தீய்ந்துவிடும். ஆதலால், கோடை கடுமையான நாடுகளில் இதனைப் பெரிய மரங்களின் நிழலில் நட்டு, வேர்மேல் சருகு பரப்புகின்றனர். உறைபனி மிகுந்த இடங்களில் தொட்டியில் வளர்த்து, கடுங்குளிரில் வேர் உறையாதபடி மறைவில் வைக்கின்றனர். நமது கரையில் ஜனவரி இரவிலும் வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்பதால், இங்கு அதற்கு ஓய்வே இல்லை. மேப்பிள் நமக்கு ஏற்றதன்று. ஆயினும் பருவம், காற்று, மண், நீர் என்னும் நான்கையும் ஆராய்ந்த பின்னரே கன்று வாங்க வேண்டும் என்ற பாடம் நமக்கும் ஏற்றதே.

நமது கரையின் இயல்பு

கடற்காற்று உப்புத் திவலைகளைக் கொணர்ந்து இலைமேல் படிய வைக்கின்றது. அனல்மின் நிலையச் சாம்பல் தூசி இலையின் துளைகளை அடைக்கின்றது. அருகிலுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால் கடல்நீர் உட்புகுந்தது 1960-களின் இறுதியிலேயே தெரியவந்தது. மாரியில் தாழ்ந்த மனைகளில் நீர் தேங்குகின்றது. இவற்றோடு புயலும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த செம்மயிற்கொன்றை போன்ற, எளிதில் முறியும் அயல்நாட்டு அழகு மரங்கள் அவற்றுள் மிகுதி.

ஏற்ற மரங்கள்

நமக்கு வழிகாட்டி அருகிலேயே இருக்கின்றது. திருவொற்றியூர்த் தியாகராஜர் ஆலயத்தின் தல மரம் மகிழம். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் ஆலயத்தின் தல மரம் புன்னை. இரண்டும் கடற்கரைத் தலங்களே. மகிழத்தின் தடித்த பளபளப்பான இலை உப்பைத் தாங்கும். பூ வாடிய பின்னும் மணக்கும். மெதுவாக வளர்வதே அதன் குறை. புன்னை கரை மணலிலும் வேர் கொள்ளும். அதன் கொட்டையை ஓடு உடைத்து விதைத்தால் விரைவில் முளைக்கும். விரைந்து நிழல் வேண்டுவோர் பூவரசம் போத்தை நடலாம்.

வளர்க்கும் முறை

மூன்றடி நீள, அகல, ஆழமுள்ள குழி தோண்டி, மேல்மண்ணோடு ஏரி வண்டலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புக. நீர் தேங்கும் மனையில் மண்ணை மேடாக்கி நடுக. வடகிழக்குப் பருவத்தின் முதல் மழைகள் நடவுக்கு உகந்தவை. கடலை நோக்கிய கிழக்குப் புறத்தில் முதல் இரண்டாண்டுகள் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுக. தாங்கு கழியோடு கன்றைத் தளர்வாகவே பிணைக்க வேண்டும். காற்றில் சிறிது அசைந்தால்தான் தண்டு உரம் பெறும்.

நாள்தோறும் சிறிது நீர் தெளித்தால் உப்பு வேரருகே தங்கிவிடும். சில நாட்களுக்கு ஒருமுறை ஆழ நனைய ஊற்றினால் அது கீழே கழுவப்படும். கிணற்று நீர் உவர்ப்பாயின் சேமித்த மழைநீரைக் கன்றுக்கு ஒதுக்குக. வாரம் ஒருமுறை இலைகளை நல்ல நீரால் கழுவுதல் நலம். நெசவாளர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: சாயத் தொட்டிக் கழிவு நீரில் உப்பும் சோடாவும் கலந்திருப்பதால், அதனை மரத்தடியில் ஒருபோதும் ஊற்றலாகாது.

தனித்தனியே கண்ணுக்கு அழகான கன்றை வாங்கி இழப்பதைவிட, ஒரு தெருவார் ஒன்றுகூடித் தேவையைக் கணக்கிட்டு, பயிரிடும் அங்கத்தினரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தல் இரு சாராருக்கும் இலாபம். அவர் விதை போடுவார். இவர் நிழல் பெறுவார். கூட்டுறவின் பயன் இதுவே.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. நம் தெருக் கிணற்று நீர் எம்மாதங்களில் உவர்க்கின்றது?
2. பாவு ஓடும் இடத்தில் நிழல் எப்புறம் தேவை?
3. சாயக் கழிவு நீர் இப்போது எங்கே போய்ச் சேருகின்றது?