தடுப்பூசியால் தோளுக்கு நேரும் ஊறும் நஷ்ட ஈடும்

புனே நகரைச் சேர்ந்த ஔந்தில் மாவட்ட மருத்துவமனை ஒன்றுண்டு. 2021 ஜனவரி 2ஆம் தேதி கோவிட் தடுப்பூசி ஒத்திகை நடைபெற்ற இடங்களுள் அதுவும் ஒன்று. மருந்து செலுத்தாமலே, பெயர் பதிதல் முதல் அரைமணி நேரக் கண்காணிப்பு வரை யாவும் அங்குச் சரிபார்க்கப்பட்டன. ஒவ்வாமை போன்ற உடனடிக் கேடுகளைக் காண அவ்வரைமணி உதவும். ஆயின், வீடு திரும்பிய பின் தோன்றும் ஊறும் உண்டு.

புயத்தில் ஊசி போடத்தக்க இடம், தோள் முனை எலும்பிற்கு இரண்டு மூன்று விரற்கிடை கீழேயுள்ள தசையின் நடுப்பகுதியாகும். அதற்கு மேலே குத்தினால், தசைக்கு அடியிலுள்ள மசகுப் பையில் மருந்து சென்று அழற்சியை உண்டாக்கக் கூடும். சாதாரண வலி சில நாட்களில் தணியும்; இவ்வலியோ மாதக் கணக்கில் நீடித்து, கையை உயர்த்தவொட்டாமல் தடுக்கும். எனவே குற்றம் பெரும்பாலும் மருந்தினுடையதன்று. ஊசி குத்திய இடத்தினுடையது.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, எவருடைய கவனக்குறைவையும் நிரூபிக்காமலே நஷ்ட ஈடு பெறும் திட்டம் ஏற்பட்டது. அதன் அட்டவணையில் 2017இல் இத்தோள் ஊறு சேர்க்கப்பட்டது. வலி 48 மணி நேரத்திற்குள் தொடங்கியிருத்தல், அத்தோளில் முன்பு நோய் இல்லாதிருத்தல், வலி ஊசி போட்ட தோளளவில் நிற்றல், வேறு காரணம் இல்லாமை ஆகியவை நிபந்தனைகள். பொதுவாக ஊறு ஆறு மாதத்திற்கு மேல் நீடித்திருக்க வேண்டும். மனுவை மூன்றாண்டிற்குள் கொடுத்தல் வேண்டும்.

நம் நாட்டில், கோவிட் தடுப்பூசிக்குப் பின் நேர்ந்த மரணங்கள் பற்றிய வழக்கில், நஷ்ட ஈடு கோருவோர் சிவில் நீதிமன்றத்தை நாடலாம் என மத்திய அரசு 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அவ்வழியில் கவனக்குறைவை வழக்காடுபவரே நிரூபித்தாக வேண்டும். கட்டணம் பெற்று ஊசி போட்ட இடமாயின், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டாண்டிற்குள் முறையிடலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் அத்தகைய சட்டத்துள் அடங்கா என்பது 1995இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. மருந்துச் சோதனையில் பங்கு பெற்றோருக்கு மட்டும் 2019ஆம் ஆண்டு விதிகள் தனியே நஷ்ட ஈடு வகுத்துள்ளன.

ஆகவே சான்றே முதன்மையானது. ஊசி போட்ட தேதி, இடம், எந்தக் கை, வலி தொடங்கிய நேரம் ஆகியவற்றை உடனே குறித்து வைத்தல் வேண்டும். சுகாதார அதிகாரிக்கு அறிவித்துப் பதிவு செய்விப்பதும் அவசியம். எக்ஸ்-ரே படத்தில் இவ்வழற்சி புலப்படாது. அல்ட்ராசவுண்டு அல்லது எம்.ஆர்.ஐ. பரிசோதனை அதனைக் காட்டும்.

தடுப்பூசி கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது உண்மை. அதனால் அரிதாக ஊறுபட்டவரின் முறையீட்டைச் செவிமடுப்பது தடுப்பூசிக்குப் பகையன்று. மக்கள் அதன்மீது கொண்ட நம்பிக்கைக்கு அரணேயாகும்.