இயந்திரம் தாமதமானால் விமானம் என்னவாகும்?

தொழிலதிபர்கள் பயணம் செய்யும் ஜெட் விமானம் ஒன்றைக் கட்டி, பறக்கவும் விட்டபின் யாராவது கைவிடுவார்களா? பிரான்ஸின் டசோ நிறுவனத்துக்கு அந்த நிலை வந்தது.

டசோ 2013இல் ஃபால்கன் 5எக்ஸ் விமானத்தை அறிமுகப்படுத்தியது. அதற்கான சில்வர்கிரெஸ்ட் இயந்திரத்தைத் தயாரித்துத் தரும் பொறுப்பு சஃப்ரான் நிறுவனத்துடையது. ஜெட் இயந்திரம் காற்றை இழுத்து, அழுத்தி, எரிபொருளுடன் எரித்து, சூடான வாயுவைப் பின்னோக்கித் தள்ளுகிறது. சில்வர்கிரெஸ்டில் காற்றை அழுத்தும் பகுதியிலேயே சிக்கல். தாமதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2017 ஜூலையில் முதன்முதலாகப் பறந்த 5எக்ஸ், அதே ஆண்டு டிசம்பரில் கைவிடப்பட்டது.

வேறு இயந்திரத்தைப் பொருத்தினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. இயந்திரத்தின் எடையும் உந்துவிசையும் மாறினால் விமானத்தை மீண்டும் கணக்கிட்டு, சோதிக்க வேண்டும். பிராட் அண்ட் விட்னி கனடாவின் இயந்திரத்துடன் டசோ உருவாக்கிய ஃபால்கன் 6எக்ஸ், 2023இல்தான் சேவைக்கு வந்தது. போட்டியாளரான அமெரிக்காவின் கல்ஃப்ஸ்ட்ரீம், அதே இயந்திரக் குடும்பத்தைப் பயன்படுத்திய ஜி500 விமானத்தை 2018இலேயே வாடிக்கையாளர்களுக்கு வழங்கத் தொடங்கிவிட்டது. சந்தையில் போட்டியாளர்கள், இயந்திரம் வாங்குவதோ ஒரே நிறுவனத்திடம்!

சிந்தியுங்கள்: ஃபால்கனின் இயந்திரங்கள் பின்பகுதியில் உள்ளன. அவற்றின் எடை கூடினால் விமானத்தின் ஈர்ப்பு மையம் எந்தப் பக்கம் நகரும்?