சுடலாமா, விடலாமா?

கேள்வி: என் தாத்தா உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போனவர். எதைச் சுடுவது, எதை விடுவது என்று அன்று எப்படி முடிவு செய்தார்கள்?
– வாசகர், சிப்காட் தொழிற்பேட்டை, கடலூர்

பதில்: நீலகிரியில் 1879லேயே வேட்டைக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கடைசி முடிவு வேட்டைக்காரர் கையில்தான். நல்லவர் பெண்மானைத் தொடமாட்டார். கொம்பில் மென்தோல் உரியாத ஆண்மானையும் விட்டுவிடுவார். வெளிச்சம் மங்கினாலும், பின்னால் இன்னொரு மான் நின்றாலும் துப்பாக்கியைத் தாழ்த்துவார். குண்டு தவறிப் பட்ட மான் வெகுதூரம் ஓடி, புதருக்குள் கிடந்து அணு அணுவாகச் சாகும். அதைவிடக் கொடுமை எது?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமத்தோடு கொஞ்சம் வேட்டையை விட்டுவைத்தது. 1991 திருத்தம் அதையும் நிறுத்தியது. இன்று உங்கள் பக்கம் புள்ளிமான் வழிதவறி வந்தால், துரத்தாதீர்கள், பயத்திலேயே செத்துப்போகக்கூடும். நாய்களை விலக்கிவிட்டு வனத்துறையைக் கூப்பிடுங்கள்.