எந்தத் துவாரத்தை அடைப்பது?

அன்புள்ள பிள்ளைக்கு,

நேற்றுப் போனில், "பெரியம்மா, குளிர் வர முன்னம் வீட்டில இருக்கிற ஓட்டை எல்லாத்தையும் அடைச்சுப் போடப் போறம்" என்று சொன்னாய். அதில் பாதி சரி. மற்றப் பாதி ஆபத்து. போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

இதுவரை நீங்கள் இருந்தது அடுக்குமாடியில். அங்கே வெப்பமும் தண்ணீரும் கட்டடக்காரரின் பொறுப்பு. இப்போது உங்கள் கையில் இருப்பது அறுபது வருஷத்துக்கு மேல் பழைய ஸ்காபரோ பங்களா. அந்த வீட்டுக்குக் காற்றும் தண்ணீரும் எந்த வழியால் வருகின்றன, எந்த வழியால் வெளியேறுகின்றன என்று பார்த்து வைத்திருப்பதுதான் குளிர்கால ஆயத்தம். அது தெரியாமல் எத்தனை டேப் ஒட்டினாலும் பிரயோசனம் இல்லை.

ஊரில் நாங்கள் வீடு கழுவி ஒதுக்குவது தைப்பொங்கலுக்கு. ரொறன்ரோவில் தை பிறக்கும்போது யன்னலைத் திறக்க முடியாது. வாசலில் தண்ணீர் ஊற்றினால் அந்த இடத்திலேயே உறைந்து ஆட்களை விழுத்தும். ஆகவே பெரிய துப்புரவை நவராத்திரிக்குக் கொண்டு வந்துவிடு. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை எடுத்துத் துடைத்து அடுக்குகிற அதே கிழமையில் யன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்து, மெத்தைகளைத் தட்டி, திரைச்சீலைகளைத் தோய்த்துக் காயப்போடு. தரையில் சூடான காற்று வருகிற வாய்களின் மூடியைக் கழற்றி உள்ளே வெக்யூம் பிடி. முந்திய ஆட்களின் பூனை மயிரும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களும் அதற்குள் கிடக்கும். சோபாவை அந்த வாய்க்கு மேலே போட்டிருந்தால் நகர்த்து. இல்லாவிட்டால் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று சோபாவின் அடியோடு நின்றுவிடும்.

அந்தக் காற்றைச் சூடாக்கி அனுப்புகிற ஃபேர்னஸின் ஃபில்டரையும் அன்றைக்கே மாற்று. அதன் விளிம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது ஃபேர்னஸைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க மாதம் ஒருமுறை அதை இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் புதிது போட வேண்டிய நேரம். ஃபில்டர் அடைபட்டால் மெஷின் மூச்சுத் திணறி ஓடி, சில வேளை நடுச்சாமத்தில் தானாக நின்றுவிடும்.

இனி ஓட்டைகளுக்கு வருவோம். அடைக்க வேண்டியவை எவை என்று கண்ணால் தேடாதே. நல்ல காற்றடிக்கிற ஒரு நாளில் ஃபேர்னஸை நிறுத்திவிட்டு, சாமி அறையில் இருக்கிற சாம்பிராணிக் குச்சி ஒன்றைக் கொளுத்து. அதை யன்னல் சட்டம், கதவின் அடி, வெளிச்சுவரில் உள்ள பிளக் பெட்டிகள், பரணுக்கு ஏறுகிற மூடி என்று ஒவ்வொன்றின் ஓரமாக மெதுவாகக் கொண்டு போ. திரைச்சீலையில் நெருப்புப் படாமல் கவனம். காற்று நுழையாத இடத்தில் புகை நேரே மேலே போகும். நுழைகிற இடத்தில் திடீரென்று ஒடிந்து உன் பக்கம் சாயும். பேஸ்மென்டில் கொங்கிறீற் சுவர் முடிந்து மரச்சட்டம் தொடங்குகிற விளிம்பை விட்டுவிடாதே. யன்னலை விட அங்கேதான் புகை கூடுதலாக ஆடும் என்பது என் ஊகம்; பழைய பங்களாக்களில் அந்த விளிம்பை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். சாய்ந்த இடங்களில் பென்சிலால் அடையாளம் போட்டு வை. கதவுக்கு ரப்பர் பட்டி, யன்னல் சட்டத்தின் விளிம்புக்குக் குழாயில் வருகிற பசை. அந்தப் பசைகளில் அநேகமானவை 5 பாகைக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. ஒக்டோபருக்குள் பூசி முடித்துவிடு.

ஆனால் தள்ளுகிற யன்னல்களின் வெளிச்சட்டத்தில், அடிப்பக்கம், அரிசி அளவில் சின்னத் துவாரங்கள் இருக்கும். அவற்றைப் பூசி மூடிவிடாதே. சட்டத்துக்குள் வருகிற மழைத் தண்ணீர் வடிவதற்கென்றே செய்தவை அவை. பல்லுக்குத்தும் குச்சியால் அழுக்கை எடுத்துவிட்டால் போதும். கூரை விளிம்பின் அடியில் இருக்கிற காற்றுத் துளைகளும் அப்படித்தான். பரண் குளிராகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். அங்கே குளிர்காப்புப் பஞ்சு போடும் ஆள் அந்தத் துளைகளை மூடிவிட்டால் ஈரம் தங்கி மரம் பூஞ்சணம் பிடிக்கும்.

எனக்கு நித்திரை வராமல் செய்கிற துவாரம் ஒன்று இருக்கிறது. வீட்டின் பக்கச் சுவரில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் இரண்டு நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று நாளைக்கே போய்ப் பார். அநேகமாக அவை ஃபேர்னஸின் மூச்சுக்குழாய்கள். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், மற்றது புகையை வெளியே விடும். ஸ்னோ கொட்டிக் காற்றும் அடித்தால் அந்த மூலையில் குவிந்து குழாயை மூடிவிடும். ஒவ்வொரு பெரிய கொட்டலுக்குப் பிறகும், காரை வழிக்க முதல் அந்த இடத்தை வழித்துவிடு. உடுப்புக் காயவைக்கிற மெஷினின் வாயையும் பஞ்சு எடுத்துச் சுத்தமாக வைத்திரு. 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் சொந்த வீட்டுக்குள் இறந்துபோனார்கள். எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பியிருந்தது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் மாகாணத்தில் சட்டம் வந்தது. 2014 முதல் படுக்கை அறைகளுக்கு அருகே கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். 2026 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும், பேஸ்மென்டுக்கும் வேண்டும். உங்கள் வீட்டில் இருக்கிற அலாரத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் உள்ள திகதியைப் பார். காலம் முடிந்த அலாரத்தை நம்பிப் படுக்கக் கூடாது.

அதோடு சேர்த்து இன்னொன்று. 2013 நத்தாரை ஒட்டி வந்த பனிக்கட்டிப் புயலில் ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. பல வீடுகளில் நாட்கணக்காக இருட்டு. அந்த நேரம் குளிர் தாங்காமல் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்களும் உண்டு. எந்த நிலைமையிலும் அதைச் செய்யாதீர்கள், கராஜுக்குள்கூட வேண்டாம். மூன்று நாளுக்குத் தண்ணீர், டோர்ச், பிஸ்கற், கம்பளி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வை.

எங்கள் சமையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் புட்டு, பின்னேரம் இடியப்பம், இடையில் சோறு என்று எங்கள் குசினியில் நாள் முழுக்க ஆவி எழும்பும். ஓட்டைகளை அடைத்த பிறகு அந்த ஆவிக்குப் போக வழி இல்லை. குளிர்ந்த தண்ணீர் விட்ட கிளாஸ் வியர்ப்பது மாதிரி யன்னல் கண்ணாடி வியர்க்கும், தண்ணீர் வழிந்து பலகையில் தேங்கும், தை மாதத்துக்குள் மூலையில் கறுப்புப் புள்ளி வந்துவிடும். அலுமாரிக்குப் பின்னால் உள்ள வெளிச்சுவரிலும் பார். அதற்காகப் புட்டை விட்டுவிடச் சொல்லவில்லை! அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போய்ச் சுவரைப் பார். மூடித் தகடு திறந்து ஆடினால் நல்லது. ஆடாவிட்டால் அது புகையை வடித்து மறுபடி குசினிக்குள்ளேயே விடுகிற வகையாக இருக்கலாம், அல்லது வழி அடைபட்டிருக்கலாம். ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டு. 30க்கும் 40க்கும் இடையில் நின்றால் போதும். வெளியே 20 பாகை மறைக்குப் போகிற நாட்களில் இன்னும் குறைய இருக்கட்டும்.

தண்ணீருக்கு ஒரு பின்னேரம் ஒதுக்கு. தோட்டத்துப் பைப்பில் மாட்டியிருக்கிற ஹோஸைக் கழற்றி, வடித்து, சுருட்டி உள்ளே வை. பிறகு பேஸ்மென்டில் அந்தப் பைப்புக்குப் போகிற குழாயைத் தேடிப் பிடித்து அதன் வால்வைப் பூட்டு. வெளியே வந்து பைப்பைத் திறந்து விடு. அப்படியே குளிர்காலம் முழுக்கத் திறந்தபடி இருக்கட்டும். வால்வின் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருந்தால் அதைக் கொஞ்சம் தளர்த்தி, மிச்சத் தண்ணீரை வாளியில் பிடித்துவிட்டு மறுபடி இறுக்கு. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது வீதம் பெருக்கும். செப்புக்குழாய் அதற்குத் தாங்காது. வெடிப்பு விழுந்தது மாசி மாதம் என்றாலும், வசந்தத்தில் பைப்பைத் திறக்கிற அன்றுதான் சுவருக்குள் தண்ணீர் பாயும்.

கூரைப் பீலியை இப்போது துப்புரவாக்கிப் பயனில்லை. மேப்பிள் இலை முழுக்கக் கொட்டி முடியட்டும், நவம்பர் நடுவில் செய்யலாம். ஏணியில் மருமகனைத் தனியே ஏறவிடாதே. பீலி அடைபட்டால் தண்ணீர் அங்கேயே உறைந்து, பின்னால் வருகிற தண்ணீர் கூரை ஓட்டுக்குள் ஏறும்.

கறிவேப்பிலை மட்டும் எதற்கும் காத்திருக்காது. இரவு 10 பாகைக்குக் கீழே இறங்க முதல், அதாவது இந்தக் கிழமையே, சாடியை உள்ளே எடு. எடுக்க முதல் இலைகளின் அடிப்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடை; செதில் பூச்சி அங்கேதான் ஒட்டியிருக்கும். தெற்குப் பக்க யன்னலோடு வை, தண்ணீரைக் குறை. மார்கழியில் இலை கொட்டினால் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதே.

டிசம்பரில் யாழ்ப்பாணம் போவதாகச் சொன்னாய். போகிற அன்று பிரதான வால்வைப் பூட்டிவிட்டு, பைப்புகளைத் திறந்து வடித்துவிடு. ஃபேர்னஸை நிறுத்தாதே, 15 பாகையில் விடு. இன்சூரன்ஸ் பத்திரத்தை இப்போதே எடுத்து வாசி. குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டை யாராவது வந்து பார்க்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் நிபந்தனை போட்டிருக்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் பார்த்துச் சொல். திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போ, பெரியப்பாவும் நானும் போய்ப் பார்க்கிறோம். கறிவேப்பிலைக்கும் தண்ணீர் விட வேண்டும்தானே.

அன்புடன்,
பெரியம்மா