புகைபோக்கியைப் பேணுவோம்

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் தமிழ்நாட்டுக்கும் கருநாடகத்துக்கும் எல்லையாக விளங்குவது பாலாறு. அதனைக் கடந்தால் அடுப்பை ‘ஒலெ’ என்பர். நம் ‘உலை’க்கு அஃது உறவுச்சொல்.

விறகடுப்பின் புகை கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கப்பெற்ற ‘அஸ்த்ரா’ மையம், விறகும் புகையும் குறையுமாறு, புகைபோக்கியுடன் கூடிய ‘அஸ்த்ரா ஒலெ’யை உருவாக்கியது.

சூடான காற்று மேலெழும். அதனுடன் புகையும் குழாய் வழியே வெளியேறும். ஆயினும், ஈர விறகை எரித்தால் குழாயினுள் கரி மிகுதியாகப் படியும். பறவைகளும் கூடு கட்டும். குழாய் அடைபட்டால் புகை வீட்டினுள்ளேயே திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வளிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரின் உயிரையும் அது பறிக்கும்.

எனவே,
1. விறகை நன்கு உலர்த்துக.
2. அடுப்பு முற்றிலும் ஆறிய பின், குழாயில் படிந்த கரியைத் திங்கள்தோறும் நீக்குக.
3. மழைநீரும் பறவையும் புகாதவாறு குழாயின் மேல் வலையும் மூடியும் அமைத்திடுக.
4. சமைக்கும்போது சன்னலைத் திறந்து வைத்திடுக.

அருஞ்சொற்பொருள்: வளி – காற்று, திங்கள் – மாதம்

பயிற்சி: உங்கள் பாட்டியின் ஊரில் சமையலறைப் புகை எவ்வழியே வெளியேறியது? கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.