புழக்கடைத் தண்ணீரும் பழமரங்களும்

வீட்டின் பின்புறம் ஐந்து சென்ட் நிலம் இருந்தால் போதும். ஓர் எலுமிச்சை, ஒரு கொய்யா, நாலைந்து வாழை என்று வைத்துக் குடும்பத்திற்கு வேண்டிய பழங்களை வீட்டிலேயே பெறலாம். மலைப் பகுதியில் வாழும் விவசாயிகள் இவற்றோடு ஒரு வெண்ணெய்ப் பழ மரத்தையும் சேர்த்துக் கொள்ளலாம். ஆனால், "எலுமிச்சை நன்றாக வந்தது, காய்க்கும் சமயத்தில் பட்டுப் போய்விட்டது" என்ற பேச்சைப் பல வீடுகளிலும் கேட்கிறோம். இதற்குப் பல காரணங்கள் உண்டு. வீட்டுத் தோட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது, மரத்தடியில் தேங்கும் தண்ணீரை!

மரம் ஏன் சாகிறது?

பாத்திரம் துலக்கும் நீரும் குளிக்கும் நீரும் வீணாகக் கூடாது என்று அவை ஓடி வரும் இடத்திலேயே கன்றை நடுகிறோம். வேரும் மூச்சுவிட வேண்டும் என்பதை மறந்து விடுகிறோம். ஓயாமல் ஈரமாக இருக்கும் மண்ணில் காற்று புகாது. அங்கே பைட்டோப்தோரா என்னும் பூசணம் பெருகி வேரையும் அடித்தண்டையும் அழுகச் செய்யும். சோப்பு நீரில் உள்ள உப்பும் இம்மரங்களுக்கு ஆகாது. வேர் அழுகினால் இலை வாடும். வாடுகிறதே என்று மேலும் இரண்டு குடம் ஊற்றினால், அதுவே மரத்தின் முடிவாகிவிடும்.

இடம் தேர்ந்தெடுத்தல்

புழக்கடை நீர் ஓடும் இடத்தைத் தென்னைக்கும் வாழைக்கும் விட்டுவிடுங்கள். எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, வெண்ணெய்ப் பழம் ஆகியவற்றை மேட்டுப் பாங்கான, வெயில் படும் இடத்தில் நடுங்கள்.

நடுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை அடி ஆழக் குழி எடுத்து நீர் நிரப்புங்கள். அது வற்றியபின் மாலையில் மீண்டும் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அங்கே வடிகால் போதாது. வேறு இடம் இல்லையென்றால், ஒன்றரை அடி உயரம், ஆறு அடி அகலத்திற்கு மேடு அமைத்து அதன்மேல் நடலாம்.

நடவு

எலுமிச்சைக்கு 75 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழு உரம் கலந்து நிரப்ப வேண்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை நடலாம். மரத்துக்கு மரம் 5 மீட்டர் இடைவெளி தேவை. பெரியகுளம் 1 நல்ல இரகம். கன்று பையில் இருந்த ஆழத்திற்கு மேல் புதைக்கக் கூடாது. ஒட்டுக்கன்றாயின் ஒட்டுப் பகுதி தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

நீரும் உரமும்

இரட்டை வட்டப்பாத்தி அமைப்பது நல்லது. உள்வட்டத்தில் தண்டைச் சுற்றி மண்ணைச் சற்று உயர்த்தி, ஈரமின்றி வைக்க வேண்டும். வெளிவட்டத்தில் மட்டும் நீர் விட வேண்டும். விரலால் கிளறிப் பார்த்து, மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். அரிசி, காய்கறி கழுவிய நீரை வெளிவட்டத்தில் விடலாம்.

முதல் ஆண்டில் 10 கிலோ தொழு உரம் இட்டு, ஆண்டுதோறும் கூட்டி, ஆறாம் ஆண்டு முதல் 30 கிலோ இடுங்கள். தண்டிலிருந்து இரண்டடி தள்ளி இட்டுக் கொத்திவிட வேண்டும்.

நோய் கண்டால்

இலை நடுநரம்பு மஞ்சளாதல், அடித்தண்டில் பட்டை வெடித்துப் பிசின் வடிதல் ஆகியவை அறிகுறிகள். உடனே நீரை நிறுத்தி, தண்டை ஒட்டிய மண்ணை விலக்குங்கள். அழுகிய பட்டையைக் கூரிய கத்தியால் சுரண்டி எடுத்து எரித்துவிட்டு, அந்த இடத்தில் போர்டோ பசை தடவுங்கள்.

பசை தயாரிக்க, 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, பின் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் நனைத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். அன்றே பயன்படுத்துங்கள். சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள்.

மலையில் வெண்ணெய்ப் பழம்

பட்டர் புரூட் என்று சந்தையில் விற்கும் இப்பழம் கீழ்ப்பழநி மலை, ஏற்காடு, நீலகிரியின் கீழ்ச்சரிவு ஆகிய இடங்களில் காப்பித் தோட்டங்களில் வளர்கிறது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற இரகத்தை வழங்கியுள்ளது. இதன் வேர்கள் மேலாகவே படர்வதால் தேங்கும் நீரை எலுமிச்சையைவிடவும் தாங்காது. சரிவான நிலமே ஏற்றது. மரத்தடியை ஆழமாகக் கொத்தாமல், உதிர்ந்த சருகையே மூடாக்காக விடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. காய் மரத்தில் பழுக்காது. முற்றியதும் பறித்து வீட்டில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் பழுக்கும்.

இன்றே உங்கள் தோட்டத்தைச் சுற்றி வந்து, எந்த மரத்தடியில் நீர் தேங்குகிறது என்று பாருங்கள். மண்வெட்டி எடுத்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட, ஒரு மணி நேரம் போதும். மூன்று நான்கு ஆண்டுகள் வளர்த்த மரம் அதனால் பிழைக்கும்.